காலை ஏழு மணிக் கதிர்கள்

ஸ்வீட் கார்ன் கதிர், செடியிலிருந்து ஒடித்த நிமிடத்திலேயே இனிப்பை இழக்கத் தொடங்குகிறது. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் சர்க்கரை மாவாக மாறும். மத்தியானம் ஒடித்த கதிரை மறுநாள் வேகவைத்தால் சக்கையைத் தின்பது போலிருக்கும். அதனால் அதை விடியுமுன் ஒடிக்க வேண்டும், குளிர்ச்சியாகவே வண்டியில் ஏற்ற வேண்டும், காலை ஏழு மணிக்குக் கடையில் அடுக்க வேண்டும். என் வேலையில் ஆறு வருடங்கள் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

கதிர்களைத் தரம் பிரிக்க இப்போது கேமரா வைத்த இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதற்காக என் பழைய குறிப்புகளை அலுவலகத்து இளைஞர்கள் கேட்டார்கள். நான்கு நோட்டுகளையும் கொடுத்துவிட்டேன். அந்த நோட்டுகளில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பெங்களூரின் அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள். பட்டப்படிப்பு முடிந்ததும் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் மூன்று வருடம் பிழை திருத்தினேன். அச்சில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும், இருக்கும் என்று நினைப்பதைப் பார்க்கக் கூடாது என்று அங்கே கற்றேன். அந்தப் பதிப்பு நின்றபோது, காய்கறிகளை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. பீன்ஸ், காரட், முட்டைக்கோஸ் என்று பல வருடம் நகரத்துக் குளிர்கிடங்கிலேயே கழிந்தது. பிறகு நகரத்துக்கு வெளியே, ஆனேக்கல்லுக்குத் தெற்கே, காட்டின் ஓரத்தில் இருந்த கொள்முதல் நிலையத்துக்கு என்னைத் தர ஆய்வாளராக மாற்றினார்கள்.

எனக்குக் கார்ன் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கொள்முதல் மேலாளர் ராஜசேகர் சார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேச்சும் குறைவு. ஒரு கதிரை எடுத்து முதலில் கையால் எடை பார்ப்பார். பிறகு தோகையின் நுனியில் மூன்று விரல் அகலத்துக்குச் சிறு கத்தியால் கீறி, ஜன்னல் திறப்பது போல விலக்குவார். நுனிவரை முத்துக்கள் நிரம்பியிருக்கின்றனவா, புழு இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக நடுவில் ஒரு முத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். தண்ணீர் போலத் தெளிவாக வந்தால் இளசு. பசையாக வந்தால் முற்றல். பால் போல வெள்ளையாகத் தெறித்தால் அது கடைக்குப் போகும். ஒரு கதிருக்கு எட்டு நொடி.

“கடைக்கு வர்றவங்க கண்ணால பாப்பாங்க ஸ்டெல்லா. நீ நகத்தால பாரு,” என்றார் முதல் நாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஒரே நீளம், ஒரே பருமன், நுனிவரை நிரம்பிய முத்துக்கள், வாடாத பச்சைத் தோகை. மூன்று கதிர்களை ஒரு தட்டில் வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றினால் மூன்றும் உடன்பிறப்புகள் போல இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் வாங்குபவர்கள் தட்டைத் திருப்பி வைத்துவிடுவார்கள். சுவைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், ராஜசேகர் சாருக்கும் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய நான்கில் ஒரு கதிர் என் மேஜையில் ஒதுக்கப்பட்டது. மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

அந்தப் பக்கத்து நிலங்களில் முன்பு கேழ்வரகும் ஊடே அவரையும்தான். மழைக்கு ஒரு விளைச்சல். கதிர் முற்றும் இரண்டு மாதம் பரண் மேல் காவல் இருப்பார்கள், யானை வரும், தீப்பந்தம் காட்டி விரட்டுவார்கள். அறுவடை முடிந்தால் நிலம் காய்ந்து கிடக்கும். யானைக்கு அங்கே வேலை இல்லை. அது காட்டுக்குள் போய்விடும். ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் எங்கள் நிறுவனத்தின் விதையும் வந்த பிறகு, வருடத்துக்கு மூன்று முறை கார்ன் விளைந்தது. எல்லா நிலத்திலும் ஒரே நேரத்தில் விளையக் கூடாது என்பதற்காக விதைப்பு நாட்களை நாங்கள்தான் பிரித்துக் கொடுத்தோம். கடையில் தினமும் கார்ன் இருக்க வேண்டும் அல்லவா. ஆகவே வருடத்தின் எந்த வாரத்திலும் காட்டோரத்தில் ஏதோ ஒரு நிலத்தில் பால் பிடித்த கதிர் நின்றது. யானைகள் திரும்பிப் போவதற்கான மாதம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

இதை அப்போது நான் இப்படி யோசிக்கவில்லை. விதைப்பு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இடைவெளி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் வெண்ணெய் தடவிய கார்னைக் கப்பில் விற்றபோது, அது நான் பார்த்து அனுப்பியதாக இருக்கும் என்று பெருமையாகக்கூட நினைத்தேன்.

ஒதுக்கிய கதிர்களைத் தொடக்கத்தில் விவசாயிகளே மாட்டுக்கு எடுத்துப் போனார்கள். இரண்டாவது வருடம் ஒரு நாள், முந்தின நாள் நான் ஒதுக்கிய ஒரு கதிர் மறுபடி என் மேஜைக்கு வந்தது. நுனியில் இருந்த வடுவை வைத்து அடையாளம் கண்டேன். அன்று முதல் ஒதுக்கியவற்றின் காம்பில் ஒரு சிறு மைப்புள்ளி வைத்தேன். ஒரு வாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட புள்ளிக் கதிர்கள் திரும்பி வந்தன. நல்ல கதிர்களுக்கு நடுவில் கலந்து அனுப்பியிருந்தார்கள். அவற்றை வரிசையாக அடுக்கி ராஜசேகர் சாரிடம் காட்டினேன்.

“என்ன செய்யலாம்?” என்றார்.

ஒதுக்கிய கதிர் எதுவும் நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது, நடுவில் வெட்டிப் பின்பக்கம் கொட்டிவிடலாம் என்றேன். அவர் தலையசைத்தார். அந்த விதி என்னுடையது. எழுத்தில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

நிலையம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதன் பின்சுவரிலிருந்து காட்டின் எல்லையில் வெட்டிய யானை அகழிவரை நடந்தால் பதினைந்து நிமிடம். வெட்டிப் போட்ட கதிர்கள் அந்தச் சுவருக்கு அப்பால் குவிந்தன. வெயிலில் புளித்து, கள்ளும் வெல்லமும் கலந்தது போல ஒரு வாசனை எழும். மூன்றாம் மாதம் அந்த வாசனை எங்களுக்குப் பழகிவிட்டது. காற்று காட்டுப் பக்கம் அடிக்கும் நாட்களில் அது எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

கதிர் ஒடிக்கும் கூட்டத்துக்குத் தலைவி ஜெயம்மா. ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். பன்னிரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தி அவளுடைய மருமகள் லட்சுமி. அதிகாலை நான்கு மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு நிலத்துக்குள் இறங்குவார்கள். கார்ன் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். உள்ளே போனால் இரண்டு கை தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. இலை உரசும் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். இரவு முழுக்க மேய்ந்த யானை அகழியைத் தாண்டித் திரும்பிப் போகும் நேரமும் அதே நான்கு மணியிலிருந்து ஐந்தரைக்குள்தான்.

அதற்காக ஜெயம்மா ஒரு முறை வைத்திருந்தாள். ஆளுக்கு ஓர் எண். இருபது அடிக்கு ஒருமுறை வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று ஜெயம்மா, ஏழு லட்சுமி. எந்த எண்ணாவது வரவில்லை என்றால் அடுத்தவள் சொல்லக் கூடாது. கூப்பிடவும் கூடாது. எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

நிலத்துக்குள் யானை என்ற சொல்லை அவர்கள் சொல்வதில்லை. முதல் தடவை குவியலருகே சாணம் கிடந்தபோது ஜெயம்மா வந்து, “மேடம், அவுரு வந்துட்டுப் போயிருக்காரு,” என்றுதான் சொன்னாள். யார் என்று கேட்டேன். அவள் கைகளை அகல விரித்துக் காட்டினாள்.

போய்ப் பார்த்தேன். சாணம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. செரிக்காத மஞ்சள் முத்துக்கள் நிறைய. நடுவே நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. குச்சியால் கிளறி எடுத்தேன். எந்த விவசாயியின் சரக்கு என்று தெரிவதற்காகக் கட்டுகளில் நாங்கள் போடும் பிளாஸ்டிக் பட்டை. பஞ்ச் செய்த எண் நன்றாகப் படிக்க முடிந்தது: பதினேழு. நாராயணப்பாவின் எண். அதே எண் போட்ட கட்டு ஒன்றை இரண்டு நாளுக்கு முன் நான்தான் ஒதுக்கியிருந்தேன்.

அச்சில் இருப்பதை மட்டும் பார்க்கப் பழகியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் ஒதுக்கியதை யானை தின்கிறது. குவியலில் தொடங்கி, வழியில் இருக்கும் நிலங்களில் முடித்துக்கொண்டு, பெண்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் திரும்புகிறது. பட்டையைக் கழுவி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அன்றைய பதிவேட்டில் அதை எழுதவில்லை. எழுதினால் விதியை எழுதியது யார் என்ற கேள்வி வரும். பதினோரு நாள் அது இழுப்பறையிலேயே இருந்தது. அந்தப் பதினோரு நாளும் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்தது, வந்து நிற்கும் பெண்களை எண்ணுவது.

பன்னிரண்டாம் நாள் நாராயணப்பா நிலத்தில் ஒடிப்பு. முந்தின வாரம் சில கூடைகள் சூடாக வந்திருந்ததால், ஒடித்த உடனே கதிரின் வெப்பத்தை அளக்க வெப்பமானியோடு நானும் நிலத்துக்குப் போனேன். வரப்பின் முனையில் ஒரு எல்லைக்கல் அருகே நின்றேன். உள்ளே பன்னிரண்டு விளக்குகள் இலைகளுக்கு நடுவே மங்கலாக நகர்ந்தன. எண்கள் வந்துகொண்டிருந்தன. ஒருத்தி ஏதோ கிண்டல் செய்ய இன்னொருத்தி சிரித்தாள். ஜெயம்மா அதட்டினாள். மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஏழு வரவில்லை.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மூச்சு இரண்டு விடுவதற்குள் நிலம் முழுக்க இருட்டு. இருட்டியதும் அதுவரை இலைச் சத்தத்துக்குள் மறைந்திருந்த வேறொரு சத்தம் கேட்டது. செடியின் தட்டை முறியும் சத்தம். பிறகு அரைக்கும் சத்தம், அவசரமில்லாமல். ஈரமான வைக்கோலும் மண்ணும் கலந்த நாற்றம் வந்தது. எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. போனில் மணி பார்த்தேன். நான்கு ஐம்பத்திரண்டு.

ஐந்து மணிக்கு லாரி வரும். ஓட்டுநர் முனிராஜு ஒரு நாளும் தாமதித்ததில்லை. வரப்பு முனையில் திரும்ப இடம் கிடையாது, ரிவர்ஸில்தான் வருவான். ரிவர்ஸ் போட்டால் வண்டியில் பாட்டு அடிக்கும், பின்விளக்கு நேரே நிலத்தின் மேல் விழும். போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று அவனுக்கு எழுதிக் கொடுத்ததும் எங்கள் நிலையம்தான்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாதையில் நடந்தேன். ஓடினால் சத்தம் வரும். முதுகுப் பக்கம் தட்டை முறியும் சத்தம் தொடர்ந்து கேட்டது. அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தெரியாததால், அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். புளியமரத் திருப்பத்தில் லாரியின் வெளிச்சம் தெரிந்தது. பாதை நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

முனிராஜு தலையை வெளியே நீட்டினான். “இன்னா மேடம், சரக்கு ரெடியா?”

“லைட்ட அணை. இன்ஜினையும் அணை.”

அணைத்தான். விஷயத்தைச் சொன்னேன். “ஹாரன் உட்டா ஓடிடும் மேடம். எங்கூர்ல அப்டித்தான் பண்ணுவாங்க,” என்றான்.

“எந்தப் பக்கம் ஓடும்?”

அவன் ஸ்டீயரிங் மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அங்கேயே நின்றோம். நிலம் அங்கிருந்து தெரியாது. உள்ளே பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. நகரத்துக் கிடங்கிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் கையில் அதிர்ந்ததோடு சரி. வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்பார்கள். முனிராஜு ஒரு பீடியை எடுத்தான், தீப்பெட்டியைப் பார்த்தான், இரண்டையும் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்தான்.

கிழக்கு சாம்பல் நிறமானபோது வரப்பு முனைக்குத் திரும்பினேன். தட்டை முறியும் சத்தம் இல்லை. அரைக்கும் சத்தமும் இல்லை. காட்டுப் பக்கம் நாய் ஒன்று விடாமல் குரைத்தது. செடிகளின் நுனிகள் அசையாமல் நின்றன. நான் எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பாதிக் குரல்.

“ஏழு.”

கொஞ்சம் இடைவெளி. பிறகு வேறொருத்தி, “எட்டு.” ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டுவரை சொல்லி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜெயம்மா நடக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது.

லட்சுமியை வரப்புக்கு அழைத்து வந்தார்கள். அவள் ஒரு கதிரைப் பாதி ஒடித்த நிலையில் நின்றிருக்கிறாள். முழுக்க ஒடித்தால் சத்தம் வரும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம். எதிரே ஐந்தடி தூரத்தில் தாய். பின்னால் குட்டி. குட்டி அவள் முதுகுக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றிருக்கிறது. “கூடை லேசாயிக்கினே வந்துச்சு மேடம்,” என்றாள். “காலியாயிட்டா என்ன பண்ணும்னு நெனச்சேன். அது ஒன்னுதான் நெனச்சேன்.” வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன. ஜெயம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கூடையில் மூன்று கதிர்கள் மிச்சம் இருந்தன.

வண்டி ஆறரைக்குக் கிளம்பியது. அன்று நான் வெப்பம் அளக்கவில்லை.

அன்றே இரண்டு பக்கம் எழுதினேன். குவியல், விதி, பட்டை, பதினோரு நாள், ஏழாம் எண், எல்லாவற்றையும். பட்டையை ஒரு உறையில் போட்டு இணைத்தேன். ராஜசேகர் சார் மறுநாள் வந்தார். உறையைக் கவிழ்த்துப் பட்டையைக் கையில் எடுத்தார். பிறகு அங்கிருந்த, காய் அடுக்கும் கிரேட் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

நகர அலுவலகத்தின் பதில் நான்கு நாளில் வந்தது. குவியலை உடனே புதைக்க வேண்டும். ஒடிக்கும் பெண்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல. அவர்களின் பாதுகாப்பு நிலத்துக்காரரின் பொறுப்பு. கடைக்குச் சரக்கு வரும் நேரத்தில் மாற்றம் இல்லை. சுண்ணாம்பு போட்டுக் குவியலைப் புதைத்தோம். ஐந்து வாரம்வரை இரவில் யானை வந்து அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு தடவை பின்சுவரையும் தள்ளியது. சுவர் இடிந்து கிடந்த இடத்தில் நின்று பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. குவியலைப் போடுவது எங்கள் கையில் இருந்தது. அதன் நினைவிலிருந்து எடுப்பது யார் கையிலும் இல்லை. பெண்கள் மறுபடி நான்கு மணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்பு என் அதிகாரத்தில் இல்லை. தரம் இருந்தது. ஒரு வாரம் யோசித்து ஒரு புதிய தர விதி எழுதினேன். முத்தை அழுத்தும்போது வருவது பாலா தண்ணீரா என்பதை ஒடிக்கும் இடத்திலேயே, பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிச்சயம். எனவே வெளிச்சம் வருமுன் ஒடித்த கதிரை இந்த நிலையம் ஏற்காது. ராஜசேகர் சார் அதை இரண்டு தடவை படித்தார்.

“டியூப் லைட்ல இத்தன வருஷம் பாத்தியே ஸ்டெல்லா?”

“பார்த்தேன் சார். தப்பா பார்த்திருக்கேன்.”

“அப்படியே எழுதிக் குடுப்பியா?”

எழுதிக் கொடுத்தேன். இதுவரை நான் தேர்ந்து அனுப்பிய சரக்கின் தரத்தை உறுதி சொல்ல முடியாது என்று ஒரு வரி. பிழை திருத்தும் மேஜையிலிருந்து அந்த நாள்வரை என் வேலையைப் பற்றி யாரும் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. அது பொய் என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, “ஏழு மணிக்கு கார்ன் இல்லன்னா யாரு செத்துடப் போறாங்க,” என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து ஆறரைக்குப் பிறகுதான் ஒடிப்பு. கதிர்கள் ஒன்பதரைக்குக் கடைக்குப் போயின, கொஞ்சம் சூடாக. கடைக்காரர்கள் முதலில் புகார் சொன்னார்கள், பிறகு அளவைக் குறைத்தார்கள். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டு கொடுக்கும் வியாபாரம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது; அதை நடத்தியவர்கள் ஏழு மணிகூட வேண்டாம், ஆறுக்கே வேண்டும் என்றார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் நகர அலுவலகத்தார் எங்கள் நிலையத்தை மூடி, வேறொரு காட்டின் ஓரத்தில் வேறொருவர் மூலம் வாங்கத் தொடங்கினார்கள். நாராயணப்பா பாதி நிலத்தில் கேழ்வரகு போட்டார், மீதியைத் தரிசாக விட்டார். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றேன்.

ஆறு மாதம் கழித்து ஜெயம்மா லட்சுமியை அழைத்துக்கொண்டு அடுகோடி வீட்டுக்கு வந்தாள். கையோடு ஒரு பை அவரைக்காய். காபி குடித்து முடிக்கும்வரை ஊர் நியாயம் பேசினாள். பிறகுதான் சொன்னாள்: புது இடத்துக்கு வேனில் கூட்டிப் போகிறார்கள், ஒன்றரை மணி நேரப் பயணம். அதே கார்ன். மூன்றரைக்கே இறங்க வேண்டும். எண் சொல்வதற்கு அங்கே அனுமதி இல்லை, வேலை கெடுகிறதாம்.

“நீயும் போறியா?” என்று லட்சுமியைக் கேட்டேன்.

அவள் ஜெயம்மாவைப் பார்த்தாள். ஜெயம்மாதான் பதில் சொன்னாள். “பயமா இருக்குதுன்னு வூட்ல குந்திக்கினா சோறு யாரு மேடம் போடுவாங்க? நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. அதுக்காவ கார்ன் துண்றத நிறுத்திட்டாங்களா உங்க ஊர்ல?”

இல்லை என்றேன். அன்று காலைதான் மல்லேஸ்வரத்துச் சந்தைக்கு அருகே ஒரு கடையில் மூன்று மூன்றாக அடுக்கிய தட்டுகளைப் பார்த்திருந்தேன். தோகையில் இன்னும் பனி இருந்தது. ‘இன்று ஒடித்தது’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண்மணி இரண்டு தட்டுகளைக் கூடையில் போட்டார். நான் தடுக்கவில்லை. தின்பவர் மேல் குற்றம் சொல்ல நான் யார்? அதை வாங்கும்படி அழகாக அடுக்கிக் கொடுத்தவள் நான். வாங்கும் முன் அது எத்தனை மணிக்கு ஒடித்தது என்று கேளுங்கள் என்று மட்டும் இப்போது தெரிந்தவர்களிடம் சொல்கிறேன். கடைக்காரருக்குப் பதில் தெரியாது. ஆனால் பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். என் வேலையில் விதிகள் எல்லாம் அப்படித்தான் மாறின.

கிளம்பும்போது ஒரு ஏற்பாடு செய்தோம். நிலத்தை விட்டு எல்லோரும் வெளியே வந்ததும் ஜெயம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு மணி அடித்ததும் அவள் துண்டித்துவிடுவாள். நான் எடுக்கக் கூடாது. எல்லோரும் வரவில்லை என்றால் துண்டிக்க மாட்டாள். விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும், நான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நான் என்ன செய்ய முடியும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாக நடக்கிறது. போன மாதம் ஒரு நாள் ஏழு மணிவரை வரவில்லை. அவளுடைய போனில் சார்ஜ் இல்லையாம். வேன் ஓட்டுநரின் போனிலிருந்து ஏழேகாலுக்கு அடித்தாள். தெரியாத எண். இரண்டு மணியோடு நின்றதால்தான் அவள் என்று தெரிந்தது.

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு அடித்தது. சமையலறை மேடை மேல் போன் அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் மணி. இரண்டாவது மணி. அதற்குப் பிறகு வரும் இடைவெளி, போன் நின்றுவிட்டதா அடுத்ததற்கு மூச்சு எடுக்கிறதா என்று தெரியாத அந்த மூன்று நொடி, இத்தனை நாள் ஆகியும் எனக்குப் பழகவில்லை.